லேப்டாப் உறைந்து நிற்கிறதா? ‘ஃபார்மட்’ போடும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்!

திங்கட்கிழமை காலை 9.25 மணி. இன்னும் ஐந்து நிமிடத்தில் டீம் மீட்டிங். பாஸ்வேர்டு போட்டு இரண்டு நிமிடம் ஆகிவிட்டது, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருவழியாக டெஸ்க்டாப் வந்தால், மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. ஃபேன் மட்டும் ‘புஸ்ஸ்’ என்று இரைகிறது. மீட்டிங்கில் போன் வழியாகச் சேர்ந்து, “சாரி, சிஸ்டம் ஹேங்” என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியதுதான்.

சாயங்காலம் தெருமுனை சர்வீஸ் கடை.

“அண்ணா, ஒரு வாரமா ரொம்ப ஸ்லோவா இருக்கு. அப்பப்ப அப்படியே நின்னுடுது.”

“எத்தனை வருஷம் ஆச்சும்மா?”

“அஞ்சு வருஷம்.”

“ஃபார்மட் போட்டு புது விண்டோஸ் ஏத்திடலாம். நாளைக்கு வாங்கிக்கோங்க.”

இந்த உரையாடல் எல்லா ஊரிலும் நடக்கிறது. பல நேரம் ஃபார்மட் போட்டால் நிஜமாகவே வேகம் கூடிவிடும் என்பதால், கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்த லேப்டாப்பின் பிரச்சினை விண்டோஸில் இல்லாமல் டிஸ்க்கில் இருந்தால்? சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுதாக அழித்து, அதன் மேல் பல ஜிபி எழுதினால், ஐந்து வருடப் புகைப்படங்களும் கல்லூரி புராஜெக்ட்டும் வருமான வரி ஆவணங்களும் திரும்பி வராத இடத்துக்குப் போய்விடும். புது விண்டோஸும் இரண்டு மாதம் தாங்காது.

எனவே கடைக்குப் போவதற்கு முன்பு, வீட்டிலேயே ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். தேவையான கருவிகளில் பெரும்பாலானவை விண்டோஸிலேயே இருக்கின்றன.

முதலில் டாஸ்க் மேனேஜர்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். திறந்த முதல் சில விநாடிகளில் சிபியு எண் எகிறும். டாஸ்க் மேனேஜரே அதில் ஒரு பங்கைத் தின்கிறது. ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று பத்திகளின் தலையில் உள்ள சதவீதத்தைப் பாருங்கள்.

‘லேப்டாப் ஸ்லோ’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குப் பின்னால் குறைந்தது மூன்று வேறு வேறு நோய்கள் உண்டு. சிபியு 90, 100 என்று நின்றால் ஏதோ ஒரு புரோகிராம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. சிபியு 5, 10 என்று சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 என்று சிவந்து நின்றால் சிபியு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. இரண்டுமே குறைவாக இருந்தும் லேப்டாப் நத்தையாக நகர்ந்தால், சிபியுவின் வேகமே குறைக்கப்பட்டிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் ‘டெம்ப் ஃபைல்’ அழிப்பதும், ‘பிசி கிளீனர்’ வகையறாக்களை டவுன்லோடு செய்வதும் காய்ச்சலா அஜீரணமா என்று தெரியாமலே மாத்திரை போடுவது மாதிரி.

சிபியு நிஜமாகவே ஓடுகிறது என்றால்...

சிபியு பத்தியின் தலையைத் தொட்டால் அதிகம் தின்னும் புரோகிராம் மேலே வரும். பெரும்பாலும் அங்கே தெரிவது பிரவுசர்தான். குரோம், எட்ஜ் இரண்டிலும் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் அவற்றுக்கென்று தனி டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் தின்கிறது என்று பெயரோடு சொல்லிவிடும்.

‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ மேலே இருந்தால் விண்டோஸ் டிஃபெண்டர் ஸ்கேன் செய்கிறது. ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்’ என்றால் அப்டேட் வேலை. ‘சர்ச் இண்டெக்ஸர்’ என்றால் ஃபைல்களுக்கு அட்டவணை போடுகிறது. இவை எல்லாம் வந்து போகிற விருந்தாளிகள். லேப்டாப்பை சார்ஜரில் போட்டு, இரவு முழுக்க ஆன் செய்து விட்டுவிட்டால் பெரும்பாலும் முடித்துக்கொண்டு கிளம்பிவிடும். யூடியூபில் யாரோ சொன்னார்கள் என்று இவற்றை நிரந்தரமாக முடக்குவது நல்லதல்ல. ஆனால் ஒரே வேலையில் இண்டெக்ஸரோ ஸ்கேனோ நாள்கணக்கில் சிக்கி நிற்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். படிக்க முடியாத ஏதோ ஒரு ஃபைலில் அது முட்டிக்கொண்டு நிற்கலாம். அங்கே தடம் டிஸ்க்கை நோக்கித் திரும்புகிறது.

இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு புரோகிராம் 12 அல்லது 13 சதவீதத்தில் அசையாமல் நின்றால், ‘கொஞ்சம்தானே’ என்று விட்டுவிடக் கூடாது. எட்டு லாஜிக்கல் புராசஸர் உள்ள லேப்டாப்பில் ஒன்றை முழுதாகப் பிடித்துக்கொண்டால் கணக்கு 12.5 சதவீதம் வரும். நான்கு என்றால் 25. அதாவது அந்தப் புரோகிராம் முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டிருக்கலாம். அதை ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து மூடிவிட்டு, அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்ததுமே ஃபேன் சத்தம் அடங்கி, மூடிய சிறிது நேரத்தில் மறுபடி இரைந்தால் அது வேறு சங்கதி. கிரிப்டோ மைனிங் மால்வேர்களில் சில, டாஸ்க் மேனேஜர் திறந்தவுடன் நல்ல பிள்ளையாகப் படுத்துக்கொள்ளும். டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் வசதியைப் பயன்படுத்துங்கள். கிராக் செய்த சாஃப்ட்வேர் ஏதாவது சமீபத்தில் ஏற்றினீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்வதும் நல்லது.

கடைசியாக, ‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ என்ற வரி. இது ஒரு புரோகிராமே இல்லை. ஹார்டுவேர்கள் சிபியுவின் கதவைத் தட்டுவதற்கு ஆகும் நேரத்தின் மொத்தக் கணக்கு. வழக்கமாக ஒரு சதவீதம்கூட இருக்காது. அது 10, 20 என்று போனால் ஏதோ ஒரு ஹார்டுவேரோ அதன் டிரைவரோ ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. யுஎஸ்பி சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், வைஃபை, ஆடியோ டிரைவர்களை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள்.

சூடும் சார்ஜரும்

டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபாமன்ஸ்’ பக்கத்தில் சிபியுவைத் தொட்டால் அதன் தற்போதைய வேகம் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் தெரியும். 2, 3 என்று ஏறி இறங்க வேண்டிய எண், வேலை கொடுத்தும் 0.4, 0.8 என்று ஒட்டிக்கொண்டு நின்றால் சிபியுவைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கட்டிப் போட்டது சூடாக இருக்கலாம். லேப்டாப் சிபியுக்கள் பலவும் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். மே மாத மதியம், ஏசி இல்லாத அறை, மெத்தை மேல் லேப்டாப், ஃபேனில் மூன்று வருடத் தூசி என்று எல்லாம் சேர்ந்தால் இது நடக்கத்தான் செய்யும்.

சார்ஜரும் காரணமாகலாம் என்பதுதான் பலருக்கு ஆச்சரியம். சில நிறுவனங்களின் லேப்டாப்கள் தம்முடைய ஒரிஜினல் சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் சிபியு வேகத்தைக் கடுமையாகக் குறைத்துவிடும். பின் தேய்ந்த சார்ஜரோ மலிவு விலை மாற்று சார்ஜரோ போதும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் திரும்பினால் குற்றவாளி கையில் சிக்கிவிட்டார்.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ‘ஆக்டிவிட்டி மானிட்டரில்’ ‘கெர்னல் டாஸ்க்’ சிபியுவைப் பெரிதாகத் தின்பதுபோலத் தெரிந்தால் பதற வேண்டாம். மற்ற புரோகிராம்களுக்கு சிபியு கிடைக்காமல் செய்து சூட்டைக் கட்டுப்படுத்துவதும் அதன் வேலைகளில் ஒன்று.

டிஸ்க் 100 சதவீதம்: உழைப்பா, நோயா?

இப்போது அந்தத் திங்கட்கிழமை லேப்டாப்புக்கு வருவோம். சிபியு 6 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். டிஸ்க்கின் 100 சதவீதம் என்பது வேகத்தைக் குறிப்பதில்லை. கடந்த சில நொடிகளில் எவ்வளவு நேரம் டிஸ்க் ஏதோ ஒரு வேலையில் இருந்தது என்பதுதான் அந்த எண். நொடிக்கு 100 எம்பி தள்ளினாலும் 100 சதவீதம்தான், ஒரே ஒரு எழுத்தைப் படிக்க முடியாமல் திணறினாலும் 100 சதவீதம்தான்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ‘பெர்ஃபாமன்ஸ்’ பக்கத்தில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ என்று மில்லி நொடிக் கணக்கில் ஒரு எண் இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் 10, 20 மில்லி நொடி சாதாரணம். எஸ்எஸ்டியில் ஒன்றுக்கும் கீழே இருக்கலாம். வேலை குவியும்போது ஹார்ட் டிஸ்க்கில் 100, 200 என்று போவதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் படிக்கும் வேகம், எழுதும் வேகம் இரண்டும் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்க, ரெஸ்பான்ஸ் டைம் 2,000, 5,000 என்று காட்டினால் டிஸ்க் உழைக்கவில்லை, மூச்சு வாங்குகிறது.

இன்னும் நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஹார்ட் டிஸ்க்குக்கு இயல்பிலேயே ஒரு எல்லை உண்டு. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு அந்த இடம் சுழன்று கீழே வர வேண்டும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கச் சொன்னால் நொடிக்கு 60 முதல் 80 தடவைதான் முடியும். ஒவ்வொரு தடவையும் 4 கேபி என்றால் நொடிக்கு அரை எம்பிகூடத் தேறாது. விண்டோஸ் பூட் ஆகும்போது நடப்பது இதுதான். 4 ஜிபி ரேம் மட்டும் உள்ள லேப்டாப்பில் நிலைமை இன்னும் மோசம். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். மெமரி பத்தி 90 சதவீதத்தைத் தாண்டி, கூடவே டிஸ்க்கும் 100 என்றால் முதல் சந்தேகம் ரேம் மேல் விழ வேண்டும்.

ஆகவே நோயா என்று தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு சாட்சிகளைக் கூப்பிட வேண்டும்.

முதல் சாட்சி, விண்டோஸ் தானாகவே எழுதி வைக்கும் டைரி. ‘ஈவென்ட் வியூவர்’ திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ கீழே ‘சிஸ்டம்’ பாருங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும், பெரும்பாலானவை வெட்டிப் பேச்சு. ‘டிஸ்க்’ என்ற பெயரில் வரும் எண்களை மட்டும் தேடுங்கள். எண் 7 என்றால் டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதி இருக்கிறது என்று விண்டோஸே சொல்கிறது. 153 என்றால் ஒரு படிப்போ எழுத்தோ தோற்று மறுபடி முயற்சி செய்யப்பட்டது. 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் அதை ரீசெட் செய்ய வேண்டியிருந்தது. இது ‘டிஸ்க்’ பெயரில் வராமல் கன்ட்ரோலர் டிரைவரின் பெயரில் வரும். 51-ஐப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம், பென்டிரைவைப் பட்டென்று உருவினாலும் அது பதிவாகும். லேப்டாப் உறைந்து நின்ற நேரமும் இந்த வரிகளின் நேரமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். காலை 9.25-க்கு உறைந்தது, 9.25-க்கே ஒரு 153 என்றால் விசாரணை ஏறக்குறைய முடிந்துவிட்டது.

ஒரு மூலை கெட்டால் மொத்தமும் ஏன் நிற்கிறது?

1,000 ஜிபி டிஸ்க்கில் நகக்கண் அளவு இடம் கெட்டால் மொத்த லேப்டாப்பும் ஏன் நிற்க வேண்டும்? காரணம் டிஸ்க்கின் விடாப்பிடி. ஹார்ட் டிஸ்க், ‘செக்டர்’ எனப்படும் 512 அல்லது 4,096 பைட் துண்டுகளாகத்தான் தகவலைப் படிக்கும், எழுதும். ஒரு செக்டரைப் படிக்க முடியவில்லை என்றால் அது உடனே கைவிரிக்காது. மறுபடி சுழற்றி, முனையைக் கொஞ்சம் நகர்த்தி, திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். இப்படிப் பல நொடிகள் போகும். அதுவரை வரிசையில் நிற்கும் மற்ற வேலைகள் எல்லாம் காத்திருக்க வேண்டும். ரேஷன் கடை வரிசையில் முதல் ஆளின் கைரேகை விழாமல் போனால் பின்னால் நிற்கும் ஐம்பது பேரும் நிற்பது போலத்தான்.

விண்டோஸின் முக்கிய ஃபைல் அந்த வரிசையில் இருந்தால் திரை உறையும். மவுஸ் மட்டும் நகர்வதற்குக் காரணம், அதை நகர்த்த டிஸ்க்கின் தயவு தேவையில்லை.

கெட்ட டிஸ்க், சிபியுவையே நேரடியாகத் தின்ற காலமும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி நாள்களில், சாதாரணமாக டிஸ்க்கிலிருந்து ரேமுக்குத் தகவல் சிபியுவின் கை படாமலே ‘டிஎம்ஏ’ முறையில் போகும். மொத்தமாக ஆறு முறை கோளாறு பதிவாகிவிட்டால் விண்டோஸ் பாதுகாப்புக்காக வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் ‘பிஐஓ’ என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும். அதில் ஒவ்வொரு துணுக்கையும் சிபியுவே தூக்கிச் சுமக்க வேண்டும். மளிகைக் கடை முதலாளி கல்லாவை விட்டு எழுந்து மூட்டை தூக்கினால் வியாபாரம் எப்படி நடக்கும்? ஒரு பாட்டு காப்பி செய்தாலே சிபியு 100 சதவீதம் போன அந்தக் காலத்தில், பலர் வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் போட்டார்கள். குற்றவாளி பல நேரம் ஒரு டேட்டா கேபிள்.

ஸ்மார்ட் சொல்லும் ஜாதகம்

இரண்டாவது சாட்சி டிஸ்க்கேதான். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையை ‘ஸ்மார்ட்’ என்ற பதிவேட்டில் எழுதி வைக்கிறது. அதைப் படிக்க ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். (அலுவலக லேப்டாப் என்றால் இதையெல்லாம் ஏற்றாதீர்கள். ஐடி பிரிவில் டிக்கெட் போடுங்கள். டிஸ்க்கும் அவர்களுடையது, தகவலும் அவர்களுடையது.) நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம்.

நிறத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ஹார்ட் டிஸ்க்கில் நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்பது, கெட்டுப்போனதால் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல், மாற்றவும் முடியாமல் தொங்கலில் இருப்பவை. சி6, சரிசெய்யவே முடியாதவை. சி7, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போக்குவரத்தில் சிதைந்தவை. வலது ஓரத்தில் உள்ள ‘ரா வேல்யூ’ முதல் மூன்று வரிகளிலும் பூஜ்ஜியமாக இருப்பதுதான் நல்லது. இந்த எண்கள் வழக்கமாக ஹெக்ஸாடெசிமலில் தெரியும். அங்கே 10 என்று இருந்தால் நம் கணக்கில் 16. செட்டிங்கில் பத்தடிமான எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நான்கில் சி5-தான் அன்றாட உறைதலுக்குப் பெரும்பாலும் காரணம். 05-இல் உள்ளவை ஏற்கெனவே ஓரம் கட்டப்பட்டவை, அவை இனி தொல்லை தராது. தொங்கலில் உள்ளவற்றை விண்டோஸ் தொடும்போதெல்லாம் டிஸ்க் மேலே சொன்ன விடாப்பிடியில் இறங்கும். சி7 மட்டும் ஏறியிருந்து மற்றவை பூஜ்ஜியமாக இருந்தால் அது நல்ல செய்தி. டிஸ்க் நலமாக இருக்கலாம், கேபிளோ இணைப்போதான் தளர்ந்திருக்கும். கேபிளை மாற்றினாலும் அந்த எண் குறையாது. மேற்கொண்டு ஏறாமல் இருக்கிறதா என்பதே கேள்வி.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? கூகுள் தன் டேட்டா சென்டர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஸ்கேன் செய்யும்போது முதல் கோளாறு தென்பட்ட டிஸ்க், அப்படித் தென்படாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாள்களில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அதில் தெரியவந்தது. அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் உண்டு. பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே போய்விட்டன. அதாவது ஸ்மார்ட் ‘கெட்டது’ என்று சொன்னால் நம்புங்கள். ‘நல்லது’ என்று சொன்னால் பேக்கப் எடுத்துக்கொண்டு நம்புங்கள்.

எஸ்எஸ்டியின் கதை கொஞ்சம் வேறு. சுழலும் தட்டு இல்லை என்பதால் சத்தம் போட்டு எச்சரிக்காது. நேற்றுவரை நன்றாக ஓடி, இன்று காலை பயாஸிலேயே காணாமல் போவது அதன் சுபாவம். சில எஸ்எஸ்டிகள் ஆயுள் முடிந்ததும் எழுத விடாமல் படிக்க மட்டும் அனுமதிக்கும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி என்றால் விண்டோஸ் 11-இன் செட்டிங்ஸிலேயே, டிஸ்க்குகளின் ‘பிராபர்ட்டீஸ்’ பக்கத்தில், மீதமுள்ள ஆயுள் சதவீதமும் வெப்பநிலையும் தெரியும். எஸ்எஸ்டி திடீரென வேகம் குறைந்தால் அது நிரம்பி வழிகிறதா என்று முதலில் பாருங்கள். மிகக் குறைந்த காலி இடத்தில் பல எஸ்எஸ்டிகள் திணறும், கொஞ்சம் இடம் விட்டால் தெளிந்துவிடும்.

மஞ்சள் வந்துவிட்டது, இனி?

இங்கே வரிசை முக்கியம். இணையத்தில் எங்கே தேடினாலும் முதல் யோசனையாக வருவது ‘செக் டிஸ்க்’ கட்டளையை ‘ஆர்’ சேர்த்து ஓட்டுங்கள் என்பது. நலமான டிஸ்க்கில் ஃபைல் அமைப்பு மட்டும் குழம்பியிருந்தால் அது நல்ல மருந்து. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அதை ஓட்டினால், ஒவ்வொரு செக்டரையும் மணிக்கணக்கில் படிக்கச் சொல்லி மீதி உயிரையும் வாங்கும். போதாக்குறைக்கு, படிக்க முடியாத ஃபோல்டர்களின் இணைப்பைத் துண்டித்து, பெயரில்லாத துண்டுகளாக்கி ஒரு மூலையில் போட்டுவிடும். பிறகு ரெகவரி செய்பவருக்கும் வேலை கடினம். பேக்கப் எடுப்பதற்கு முன் செக் டிஸ்க் வேண்டாம், டிஃப்ராக் வேண்டாம், முழு வைரஸ் ஸ்கேனும் வேண்டாம்.

முதலில் எதை எடுப்பது? ‘மொத்த டிரைவையும் காப்பி’ என்று ஆரம்பித்தால் முதல் கெட்ட செக்டரில் நின்றுவிடும். இன்னொரு பிரதி உலகில் எங்கும் இல்லாதவற்றை முதலில் எடுங்கள். சான்றிதழ்களின் ஸ்கேன், தீசிஸ், அலுவலக ஃபைல்கள் என்று அளவில் சிறியவை முதலில், அடுத்து குடும்பப் புகைப்படங்கள், பிறகு வீடியோ. சினிமாவும் சாஃப்ட்வேரும் திரும்பக் கிடைக்கும், விட்டுவிடுங்கள். ஒரு ஃபோல்டரில் மாட்டிக்கொண்டால் அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

விண்டோஸே திறக்கவில்லை என்றால், இன்னொரு கணினியில் உபுன்டு போன்ற லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்யலாம். டிஸ்க்கில் எதையும் நிறுவாமலே ‘டிரை’ என்று ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. இதில் ஒரு போனஸ் பரிசோதனையும் நடந்துவிடுகிறது. பென்டிரைவ் லினக்ஸில் லேப்டாப் சுறுசுறுப்பாக ஓடினால் சிபியு, ரேம், மதர்போர்டு மேல் சந்தேகம் குறைகிறது, டிஸ்க்கோ விண்டோஸோதான் காரணம். அங்கேயும் தவழ்ந்தால் சூடு, சார்ஜர் பக்கம் திரும்புங்கள். லினக்ஸ் பழகியவர்களுக்கு ‘டிடி ரெஸ்க்யூ’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. கெட்ட இடங்களைத் தாண்டிக் குதித்து நல்ல பகுதிகளை முதலில் காப்பாற்றிவிட்டு, பிறகு நிதானமாகக் கெட்டவற்றுக்குத் திரும்பும்.

‘டக்... டக்... டக்’ என்று சீரான சத்தம் கேட்டால் எதுவும் செய்யாமல் பவரை நிறுத்துங்கள். தட்டுக்கும் படிக்கும் முனைக்கும் நடுவே இடைவெளி சில நானோமீட்டர்தான். முனை பழுதாகி இருந்தால் ஒவ்வொரு நிமிட ஓட்டமும் தட்டைச் சுரண்டும். போகக் கூடாத தகவல் என்றால் நேராக டேட்டா ரெகவரி நிபுணரிடம் போக வேண்டும், செலவு ஆகும். திறந்து பார்ப்பதும், ஃப்ரீசரில் வைப்பதும் வேண்டாம். ஃப்ரீசர் வித்தையில் உள்ளே ஈரம் படிந்து, இருந்த கொஞ்ச வாய்ப்பும் போகும்.

மாற்றும்போது மறக்கக் கூடாதது

தகவல் பத்திரமான பிறகு ஃபார்மட், செக் டிஸ்க் என்று எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். சில சமயம் முழுதாக எழுதிப் பார்த்தால் தொங்கலில் இருந்த செக்டர்கள் மாற்றப்பட்டு சி5 பூஜ்ஜியமாகும், லேப்டாப்பும் தெளிந்துவிடும். ஆனாலும் அந்த டிஸ்க்கை நம்பி முக்கியமான எதையும் வைக்காமல், மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் சாடா எஸ்எஸ்டி போட்டால் அதே பழைய லேப்டாப் புதுசு மாதிரி ஓடும். புது லேப்டாப் வாங்க நினைத்தவர்கள் பலர் இதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ரேம் 4 ஜிபி என்றால் கூடவே 8 ஆக்கிவிடுங்கள். மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு ஒட்டப்பட்டிருக்கும், ஆர்டர் போடும் முன் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அந்த லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பதும் செலவுக் கணக்கில் சேர வேண்டும்.

டிஸ்க்கைக் கழற்றும் முன், பயாஸில் கை வைக்கும் முன், பென்டிரைவில் பூட் செய்யும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. அந்தப் பூட்டுக்கான 48 இலக்க பிட்லாக்கர் ரெகவரி எண், மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து, எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், டிஸ்க் நலமாகவே இருந்தாலும் உள்ளே இருப்பதை யாராலும் படிக்க முடியாது.

வாரன்டி இருந்தால் கெட்ட டிஸ்க்குக்கு மாற்று கிடைக்கும், பழையது பெரும்பாலும் திரும்பி வராது. அதனால் பேக்கப் எடுத்த ஃபைல்களில் நாலைந்தையாவது வேறு கணினியில் திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.